‘ஆஸ்பத்திரி அட்மின் படிக்கட்டுமாக்கா?’ - தங்கச்சிக்காகப் போட்ட வரவு செலவுக் கணக்கு

சிவகாசி, திருத்தங்கல்காரர்களுக்கு காலேஜ் நோட்டீஸ் என்பது முதலில் ஒரு வேலை, அப்புறம்தான் விளம்பரம். எங்கெங்கோ இருக்கிற கல்லூரிகளின் நோட்டீஸும் பிராஸ்பெக்டஸும் எங்கள் பக்கத்து அச்சாபீஸ்களில் ஓடும். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளிவந்து சீசன் சூடு பிடிக்கிற வரைக்கும் மெஷின்களுக்கு அதுவும் ஒரு தீனி. என் சித்தப்பா முப்பது வருடமாக ஆஃப்செட் மெஷினில் நிற்பவர். எத்தனையோ கல்லூரிகளின் ‘100 சதவிகித வேலைவாய்ப்பு’ அவர் கைவழியாகத்தான் மை காய்ந்து வெளியே போயிருக்கிறது. அதனால் நோட்டீஸைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை அவர்.

அப்படிப்பட்டவர் 2025 மே மாதத்தில் ஒரு நோட்டீஸை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ‘மூன்றாண்டு மருத்துவமனை நிர்வாகப் பட்டப்படிப்பு. எந்த குரூப் எடுத்தவர்களும் சேரலாம்.’ மே 8-ம் தேதிதான் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. சித்தி மகள் 600-க்கு 471. காமர்ஸ் குரூப். அரசுப் பள்ளி.

மறுநாள் சென்னையில் இருக்கும் எனக்கு சித்தியிடமிருந்து போன். “ஏத்தா, நீ பத்திரிகையில இருக்க. நாலு பேர்ட்ட கேட்டு, இது பொழைக்கிற படிப்பான்னு மட்டும் சொல்லிரு. நகையை எடுத்து வச்சிருக்கேன்.”

பின்னாலிருந்து தங்கச்சி குரல். “ஆஸ்பத்திரி அட்மின் படிக்கட்டுமாக்கா? ஆபீஸ் வேலைதானே?”

இந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2023-ல் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. சின்ன அச்சாபீஸ் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. ஆனால், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல். சித்தி கவுன்டர் முன்னால் நின்று அழ ஆரம்பித்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா எழுந்து வந்து, எந்தத் தாளை எங்கே வாங்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அன்று சாயங்காலமே முன் அனுமதிக்கு ஆன்லைனில் ஏற்றிவிட்டார். டாக்டரை விட அந்த அக்காவைத்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேசினார்கள். பதினாறு வயதில் ஓரமாக நின்று அதைப் பார்த்தவள்தான் இவள். பயாலஜி படிக்காமலே ஆஸ்பத்திரிக்குள் ஓர் உயிரைக் காப்பாற்றலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சித்திக்கு வேறு காரணம். அவர் பயராபீஸில் சரம் பின்னியவர். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி என்று சொல்லி, சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். டெல்லிக் காற்றுக்காகத் தொடங்கிய வழக்கு, திருத்தங்கலில் எங்கள் சித்தியின் கையிலிருந்த வேலையை எடுத்துக்கொண்டு போனது. தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2012-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தைப் பார்த்த ஊர் இது; மருந்தோடு வாழ்வது என்றால் என்னவென்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தியின் ஒரே நிபந்தனை: “எம்மவ கையில மருந்து ஒட்டக் கூடாது.” மாத்திரை மருந்து ஒட்டலாம்; பட்டாசு மருந்து கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம்.

கல்லூரிக்கு போன் போட்டேன். வருடக் கட்டணம் 45,000. காலேஜ் பஸ் 15,000. பரீட்சைக் கட்டணம், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு என்று இன்னொரு 5,000. ஆக வருடத்துக்கு 65,000. மூன்று வருடத்துக்கு 1,95,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 36 மாதமும் வந்தால் 36,000. கழித்தால் கையிலிருந்து போவது 1,59,000.

“ஒண்ணரை லட்சத்துல டிகிரி. பரவாயில்லையே” என்றார் சித்தி.

அந்த ஒன்றரை லட்சம் எங்கிருந்து வரும்? நகை, அடகுக் கடைக்குப் போகிறது. ஒன்றரை வட்டி. எங்கள் ஊரில் ஒன்றரை வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். வருடத்துக்கு 18 சதவிகிதம். முதல் வருடத்துக்கு 60,000 வாங்கினால் மாத வட்டி 900. அரசு கொடுக்கிற 1,000 ரூபாயில் 900 அடகுக் கடைக்குப் போய்விடும், மிச்சம் 100. இரண்டாம் வருடம் இன்னொரு 60,000 வைத்தால் வட்டி 1,800. பெண் படிப்பதற்காக வருகிற பணம் வட்டிக்கே பற்றாது. இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வங்கியில் வைத்தால் வட்டி குறையும்தான். ஆனால் சம்பள நாளான சனிக்கிழமை சாயங்காலம் திறந்திருப்பது அடகுக் கடை மட்டும்தானே!

இன்னொரு செலவு எந்த பிராஸ்பெக்டஸிலும் இருக்காது. அந்த மூன்று வருடம் அவள் வீட்டில் சும்மா இருக்கப்போவதில்லை. சிவகாசியில் ஏதாவது ஓர் அச்சாபீஸில் பில் போடுகிற வேலைக்குப் போனால் மாதம் 8,000 கிடைக்கும். 36 மாதத்துக்கு 2,88,000. படிக்கப்போனால் அது வராது. இதையும் சேர்த்தால் அந்தப் பட்டத்தின் உண்மையான விலை 4,47,000. வட்டி தனி.

இப்போது வரவுப் பக்கம். விருதுநகர், சிவகாசி, மதுரையில் எனக்குத் தெரிந்த மருத்துவமனை ஊழியர்கள் ஐந்தாறு பேரிடம் பேசினேன். புதிதாகச் சேர்பவருக்கு ஊரில் 10,000-லிருந்து 12,000. அதிலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 12,000 சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் 8,000 என்று வைத்தால் பி.எஃப். 960, இ.எஸ்.ஐ. 90, கைக்கு 10,950 வரும். (பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் சந்தோஷப்படுங்கள். பிடிக்காத இடங்களும் இருக்கின்றன.) அச்சாபீஸ் வேலையை விட முழுச் சம்பளத்தில் 4,000 அதிகம். அந்த 4,000-ஐ வைத்து 4,47,000-ஐ எடுக்க 112 மாதம், அதாவது ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் சம்பளம் ஏறும், ஆஸ்பத்திரிப் பக்கம் கொஞ்சம் வேகமாகவே ஏறும்; அதனால் ஆறு, ஏழு வருடத்தில் முடியலாம். அதற்குள் இவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்துவிடும் என்பது சித்தி போடுகிற கணக்கு. அந்தக் கணக்கில் நான் தலையிடுவதில்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, உலகத்தில் எந்த மூலைச் செய்தியும் நம் கண்ணில் பட்டுவிடும். அமெரிக்காவில் இதே படிப்புக்கு ‘அசோசியேட் டிகிரி’ என்று ஒன்று உண்டு. கம்யூனிட்டி காலேஜில் இரண்டே வருடம். உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணம் சராசரியாக வருடத்துக்கு 4,000 டாலர் சுமார். மருத்துவப் பதிவேட்டு வேலைக்கு, அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023-ல் நடுத்தரச் சம்பளம் வருடத்துக்கு 48,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. டாலரை ரூபாயாக மாற்றி வாயைப் பிளக்க வேண்டாம். கட்டணத்தைச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். அங்கே மொத்தக் கட்டணம் இரண்டு மாதச் சம்பளம். இங்கே பஸ், யூனிஃபார்ம் எல்லாம் விட்டுவிட்டு வெறும் கட்டணத்தை மட்டும் எடுத்தாலே, 1,35,000-ஐ 12,000-ஆல் வகுத்தால் பதினோரு மாதச் சம்பளத்துக்கு மேல். அங்கேயும் அந்த இரண்டு வருடப் படிப்பு யாரையும் மேனேஜர் ஆக்குவதில்லை. மருத்துவமனை மேலாளர் வேலைக்கு இளநிலைப் பட்டமாவது கேட்கிறார்கள். நம் ஊரில் நோட்டீஸில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, படித்து முடித்ததும் தனி அறை கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோம். கிடைப்பது கவுன்டர்.

கவுன்டர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வரவேற்பு, பில்லிங், காப்பீட்டு மேசை, மருத்துவப் பதிவேட்டுத் துறை என்று அதற்குள் நாலைந்து உலகம் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது பதிவேட்டுத் துறைதான். டிஸ்சார்ஜ் ஆன ஒவ்வொருவரின் ஃபைலும் அங்கே வரும். டாக்டர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா, ஆபரேஷன் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு நோய்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. குறியீட்டைப் போட வேண்டும். சித்தப்பாவுக்கு வந்த மாரடைப்புக்கு ஐ 21. தீக்காயங்களுக்கு டி 20-லிருந்து தொடங்குகிறது. காயம் எதனால் வந்தது என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. பத்தாவது பதிப்பில் டபிள்யூ 39 என்றால் என்ன தெரியுமா? பட்டாசு வெடித்ததால் வந்த காயம். ஜெனீவாவில் உட்கார்ந்து தயாரித்த பட்டியலில் எங்கள் ஊர்ச் சரக்குக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்!

இந்தக் குறியீட்டு வேலைதான் மெடிக்கல் கோடிங் என்ற பெயரில் பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்க நோயாளிகளின் ஃபைல்களுக்குச் சென்னையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து கோடு போடுகிறார்கள். அதற்கான சி.பி.சி. தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவிகிதம் எடுத்தால் பாஸ். என்னுடன் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு தோழி இந்த வேலையில்தான் இருக்கிறாள். சேர்ந்தபோது 15,000, தேர்வு பாஸ் ஆன பிறகு, நான்காம் வருடத்தில் 28,000. ஆனால் அவள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. உடற்கூறும் மருத்துவச் சொற்களும் தெரியாமல் அந்தத் தேர்வுப் பக்கம் போக முடியாது. காமர்ஸ் படித்தவள் போகவே முடியாது என்பதில்லை, பாதை நீளம். அதோடு 15,000 சம்பளத்தில் சென்னை ஹாஸ்டலுக்கு 7,000 போனால் மிச்சம் 8,000. திருத்தங்கலில் அம்மா சமையலைச் சாப்பிட்டு, மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்வந்தால் 10,950-ம் கையில் நிற்கும். சம்பளம் பெரிதாகத் தெரிகிற ஊரெல்லாம் மிச்சம் பெரிதாக இருக்கிற ஊர் இல்லை. இதை என் பாஸ்புக்கே சொல்லும்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வழியும் பேசப்பட்டது. ஆறு மாத சர்டிஃபிகேட் கோர்ஸ், 30,000 ரூபாய். “சீக்கிரம் வேலைக்குப் போயிரலாம்ல” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. இதில் மட்டும் நான் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்திருக்கிறது. சுகாதாரத் தகவல் மேலாண்மை, கிளினிக்கல் கோடர், மெடிக்கல் செகரட்டரி எல்லாமே அதன் பட்டியலில் உண்டு. டிப்ளமோ அளவிலான துணைநிலைப் பணியாளருக்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை அந்தச் சட்டம் எதிர்பார்க்கிறது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாதம் 25 நாள், ஆறு மாதம் என்று பெருக்கினால் 600 மணி நேரம்தான் வருகிறது. நாளைக்குப் பதிவு, உரிமம் என்று கேட்கும்போது அந்த சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டத்தான் முடியும்.

கட்டணமே வாங்காமல் கற்றுத்தருகிற இடமும் இல்லாமல் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது; அவர் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், எங்கள் கரிசல் மண்தான். ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருடம் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். கண் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், நோயாளிகளுக்கு ஆலோசனை, மருத்துவப் பதிவேடு என்று பிரிவுகள். எங்கள் ஊருக்கு இந்த முறை புதிதும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறியது தீப்பெட்டித் தொழிலை வேலை செய்யும் இடத்திலேயே கற்றுக்கொள்ளத்தான். அவர்கள் கொண்டுவந்த பாடத்தில்தான் சிவகாசி எழுந்தது. தங்கச்சியிடம் அரவிந்த் பற்றிச் சொன்னேன். “கண்ணைத் தொட்டுப் பார்க்கணுமாக்கா? எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்” என்றாள். அந்தக் கதவு அதோடு சாத்தப்பட்டது. விருப்பம் இல்லாதவளை உதவித்தொகைக்காக அனுப்ப முடியாது.

பேசியவர்களில் எனக்கு அதிகம் உதவியது ஒரு மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் இருக்கும் அண்ணாச்சி. “காப்பீட்டு மேசைக்கு நாங்க எந்த டிகிரின்னாலும் எடுப்போம்மா. பி.காம். பிள்ளைங்க பில்லிங்ல நல்லாவே செய்யுது. இங்கிலீஷ்ல நாலு வரி மெயில் அடிக்கணும், சிஸ்டம் தெரியணும், கத்துறவங்ககிட்ட கத்தாம பேசணும். இதைத்தான் பார்ப்போம். அட்மின் படிச்ச பிள்ளைக்கும் பி.காம். படிச்ச பிள்ளைக்கும் ஆரம்பச் சம்பளத்துல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தா அதிகம். என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று வாங்குற பெரிய ஆஸ்பத்திரிகள்ல குவாலிட்டி பிரிவுக்குப் போகணும்னா, அதுக்கு மேல மாஸ்டர் டிகிரி கேட்பாங்க.”

ஆயிரம் ரூபாய் வித்தியாசம். இந்த ஒரு வரியில் என் கணக்கு திசை மாறியது. சிவகாசி அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். சேர்ந்தால் செலவு வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும். டவுன் பஸ் இலவசம். புதுமைப்பெண் 1,000 ரூபாய் வட்டிக்குப் போகாமல் அவள் கணக்கிலேயே நிற்கும். மூன்று வருடம் கழித்து அதே கவுன்டரில் ஆயிரம் ரூபாய் குறைவாகத் தொடங்குவாள், கடனில்லாமல். குரூப் 4 எழுதினால் இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 19,500. மருத்துவத் துறை அலுவலகங்களிலும் அந்தப் பணியிடம் உண்டு. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால், படித்துக்கொண்டே எழுதலாம். எத்தனை லட்சம் பேரோடு போட்டி என்பது தனிக்கதை.

தனியார் கல்லூரிக்குக் கடைசியாக ஒருமுறை போன் செய்து மூன்று கேள்வி கேட்டேன். மூன்று வருடத்தில் எத்தனை மாதம் மருத்துவமனைக்குள் பயிற்சி? எந்த மருத்துவமனை? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? “அதெல்லாம் ஃபைனல் இயர்ல பார்த்துக்கலாம் மேடம். சீட் மூணுதான் இருக்கு, இன்னிக்கு 5,000 கட்டி பிளாக் பண்ணிக்கோங்க” என்றது அந்தக் குரல். இதே கேள்விகளுக்கு மருத்துவமனையின் பெயர், பயிற்சி மாதம், முடித்தவர்களின் போன் நம்பர் என்று பதில் தருகிற கல்லூரியாக இருந்திருந்தால், ஒன்றரை லட்சத்தை நான் வேறு மாதிரி பார்த்திருப்பேன். வேலூர் சி.எம்.சி. மாதிரி சொந்த மருத்துவமனைக்குள்ளேயே பதிவேட்டுத் துறைப் பயிற்சி தருகிற இடங்களும் இருக்கத்தானே செய்கின்றன.

அன்று இரவு கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். சித்தப்பா தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம். சித்திக்கு நகை தப்பித்ததில் நிம்மதி. ஆனால் ‘ஆஸ்பத்திரி’ என்ற வார்த்தை போனதில் வருத்தம். தங்கச்சிதான் கோபமாக அழைத்தாள்.

“உன் ஜர்னலிசம் டிப்ளமோவுக்கு இப்பிடி கணக்கு பார்த்தியாக்கா?”

நியாயமான கேள்வி. எனக்கு ஒரு வருடம், 40,000 ரூபாய். முதல் சம்பளம் 13,000. மூன்று மாதச் சம்பளத்தில் கட்டணம் எடுத்தாயிற்று. சொன்னேன். அவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. “எனக்கு அந்த கோட்டு பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். காலேஜ் பஸ், கோட், மதுரை அக்கா மாதிரி கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை. இதற்கெல்லாம் என் தாளில் கட்டம் இல்லை. 17 வயதில் ஒரு பெண் முதன்முதலாக, இதுதான் வேண்டும் என்று கை நீட்டிய ஒன்று அது. அதன் விலை எவ்வளவு என்று எனக்கு இப்போதும் எழுதத் தெரியவில்லை.

அரசுக் கல்லூரி கலந்தாய்வில் அவளுக்கு பி.காம். கிடைத்தது. ஆகஸ்டிலிருந்து சனி, ஞாயிறுகளில் சிவகாசியில் ஒரு சின்ன மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரில் உட்காருகிறாள். நாளுக்கு 250 ரூபாய். மாதத்துக்கு எட்டு நாள் என்றால் 2,000. கோட்டு கிடையாது. டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிடுவதுதான் பெரிய வேலையாம். தீபாவளி வாரத்தில் என்னை அழைத்து, காப்பீட்டு அட்டையில் கணவர் பெயர் இருக்கிற இடத்தில் அப்பா பெயர் இருந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. “சரி, நானே வி.ஏ.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கிடுறேன். அந்த ஆச்சி காலையில இருந்து நிக்கிது” என்றாள்.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். “மூணு வருஷம் கழிச்சு எம்.பி.ஏ. ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் போடப் போறேன். அதுக்கு நீ கணக்கு போட வேண்டாம்க்கா. நானே போட்டுக்கிடுவேன்.”